தண்ணீர்க் குளிசை

என் கலியாணம் அப்பாவின் நெஞ்சு வருத்தத்தால் நடந்தது. இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அப்பாவின் நெஞ்சு நல்லபடி இருந்திருந்தால் கொழும்பில், காலி வீதியில் இருந்த அந்த மருந்துக்கடைக்கு நான் போயிருக்கவே மாட்டேன். போகாவிட்டால் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற அந்த மனிதரைக் கண்டிருக்க மாட்டேன். வெள்ளவத்தையில் அந்த யுத்த காலத்தில் எத்தனையோ பெண்கள் செய்ததைப் போல நானும் கனடாவில் இருந்து வந்த ஒரு படத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு விசாவுக்காகக் காத்திருந்திருப்பேன்.

அப்பா ஓய்வு பெற்ற தபாலதிபர். ஒரு மாரடைப்பில் தப்பியவர். தப்பினாரே தவிர, அதற்குப் பிறகு அவருடைய இருதயம் பலமாக அடிப்பதை விட்டுவிட்டது. அதற்கு நாலைந்து வகைக் குளிசைகள். அவற்றில் ஒன்றுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர்க் குளிசை என்று பெயர். காலையில் அதைப் போட்டால் மத்தியானம் வரை சலம் போய்க்கொண்டே இருக்கும். உடம்பில் தேங்குகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற வேலை அதற்கு.

ஒரு மாதத்துக் குளிசையை ஒரேயடியாக வாங்கியிருக்கலாம். நான் பத்துப் பத்து நாளுக்கு வாங்கினேன். "ஏன் பிள்ளை, கடை என்ன ஓடியே போகுது?" என்று அம்மா கேட்டார். "மருந்து பழசாப் போயிடும் அம்மா" என்று கூசாமல் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்து வேலை. வேலை முடிந்து பஸ்ஸில் நசிபட்டு வந்து இறங்கி, கடை வாசலில் நின்று கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். வெட்கம் கெட்டவள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் குளிசைகளைச் சின்னக் கடித உறைகளில் போட்டு, மேலே எத்தனை மணிக்கு எத்தனை என்று முத்து முத்தாக எழுதித் தருவார். ஒரு நாள் தண்ணீர்க் குளிசை உறையின் மூலையில் "சாப்பிட்டீங்களா?" என்று எழுதியிருந்தது. நான் பஸ் தரிப்பிடத்தில் நின்று அதை ஏழெட்டுத் தரம் வாசித்தேன். வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "உவர் ஒழுங்கா எழுதேல்லை பிள்ளை, சாப்பாட்டுக்கு முதல் போடுறதோ பிறகோ?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினேன். அம்மா பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

பிறகென்ன, அவருடைய ஆட்கள் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்து கேட்டார்கள். சாதகம் பொருந்தியது. பொருந்தாவிட்டால் நான் பொருந்த வைத்திருப்பேன். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்து, இரண்டு மாதத்தில் நாள் வைத்தார்கள். அப்பாவுக்கு ஒரே ஆசைதான். எனக்கு முன்னால் பிறந்த அண்ணா வெளிநாட்டில் தனியாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இந்த ஒரு கலியாணத்திலாவது தான் மணவறையில் நின்று, பிள்ளையின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். "அதுவரைக்கும் என்னை வைச்சிருந்தால் காணும்" என்று சாமிப்படத்தைப் பார்த்துச் சொல்லுவார். நான் உடனே எழுந்து போய் உறையை எடுத்துக் குளிசைகளை எண்ணுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் பிழை என்று வந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, கிரியாட்டினின், இரத்தத்தில் கூடியிருந்தது. நெஞ்சுக்கு ஒரு டொக்டர், செவ்வாய்க்கிழமை. கிட்னிக்கு ஒரு டொக்டர், வெள்ளிக்கிழமை. நெஞ்சு டொக்டர் ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது, தண்ணீர்க் குளிசையை விடக்கூடாது என்றார். கிட்னி டொக்டர், குளிசை கூடினால் கிட்னி காய்ந்து போகும், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர் எழுதியதை இவரிடமும், இவர் எழுதியதை அவரிடமும் காவிக்கொண்டு திரிந்தது நான்தான். மேல்மாடி வீட்டில் குடியிருந்த அக்காவோ, கிட்னி வருத்தக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அப்பாவுக்கு மூன்றாவது கதைதான் மிகவும் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அவருக்கு எப்போதும் தாகம்.

நெஞ்சு டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தினமும் காலையில் நிறை பார்க்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே வர வேண்டும். எங்களிடம் தராசு இல்லை. காலி வீதி நடைபாதையில் நிறை பார்க்கிற மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு சிங்கள ஐயா இருப்பார். அப்பா விடிய எழும்பி, தண்ணீர்க் குளிசையைப் போட்டு, முதல் இரண்டு தரம் போய் வந்து, அதே சாரத்தையும் அதே சேட்டையும் போட்டுக்கொண்டு அடையாள அட்டையோடு அங்கே போவார். "ஊராற்ரை பார்சலையெல்லாம் நிறுத்து முத்திரை ஒட்டினனான், இப்ப என்னை நிறுக்கினம்" என்பார். ஒழுங்கை முனையில் இருந்த சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரப் பெடியனுக்கு முதலில் சந்தேகம், இந்தக் கிழவர் ஏன் ஒவ்வொரு நாளும் தன்னை நிறுத்துப் பார்க்கிறார் என்று. விஷயம் தெரிந்ததும் அவனும் சேர்ந்துவிட்டான். "அடுத, வெடித மாத்தயா?" என்று கத்திக் கேட்பான், குறைந்ததா கூடினதா என்று. அப்பா "அடுய்!" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வருவார். அறுபத்திரண்டு கிலோ, அதுதான் எங்கள் வீட்டில் அப்போது நல்ல செய்தி.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, அப்பாவும் அம்மாவும் கலியாணம் சொல்லத் தொடங்கினார்கள். தபாலில் அழைப்புக் காட் அனுப்பினால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். வீட்டுக்கு வீடு நேரே போய், தட்டில் சந்தனமும் குங்குமமும் நீட்டி, "கட்டாயம் வந்திட வேணும்" என்று சொன்னால்தான் சொன்னது. போன வீட்டில் வாய் நனைக்காமல் எழும்பவும் முடியாது. நல்ல காரியம் சொல்ல வந்தவர்கள் ஒன்றும் குடிக்காமல் போனால் அந்த வீட்டாருக்கு மனவருத்தம், எங்களுக்குச் சகுனப் பிழை. ஒரு வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் சோடா, அதற்கடுத்ததில் கோப்பி, பிறகு நெல்லிரசம். ஹெவ்லொக் டவுனில் ஒரே பின்னேரத்தில் எட்டு வீடு. "அரைவாசி குடிச்சனான்" என்று அப்பா சத்தியம் பண்ணினார். எட்டு அரைவாசி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, கலியாண வீட்டில் கணக்குப் பார்க்கக்கூடாது என்றார்.

ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் முதல் கேள்வி, "அப்பா, இண்டைக்கு எவ்வளவு?" என்பதுதான். "அறுபத்திரண்டு." அடுத்த நாளும் அறுபத்திரண்டு. அதற்கடுத்த நாளும் அதே. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். கூறைச் சேலை எடுத்தாயிற்று, தோடு மாற்றியாயிற்று, அவர் கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எனக்கு இரவில நித்திரையே வருகுதில்லை, அதுக்கு என்ன குளிசை?" என்று என்னைக் கேட்டார். நான் அப்பாவின் முகம் ஊதியிருந்ததைக் கண்டேன். கண்டுவிட்டு, மாமனாராகப் போகிற பூரிப்பு என்று நினைத்தேன். அவ்வளவு விசரி நான்.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸால் இறங்கி நடக்கிறேன், நிறை பார்க்கிற ஐயா என்னை மறித்தார். "மாத்தயா சதியகின் ஆவே நே" என்றார். ஐயா ஒரு கிழமையாக வரவில்லையே, சுகமில்லையா என்று கேட்கிறார். நடைபாதையில் அப்படியே நின்றேன். ஒரு கிழமையாக எனக்கு வீட்டில் சொல்லப்பட்ட அறுபத்திரண்டு எங்கே இருந்து வந்தது? எனக்கு வந்த கோபத்தில் ஒழுங்கை முழுக்க ஓட்டமும் நடையுமாகப் போனேன். வீட்டில் ஆள் இல்லை. கடைசியாகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் சொல்லப் போய்விட்டார்களாம், மாடி அக்கா சொன்னார். மேசையில் தண்ணீர்க் குளிசை உறை கிடந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு மிச்சம் இருந்தது, இருக்க வேண்டியதைவிட ஏழும் கூட.

உறையைக் கையில் பிடித்தபடி நிற்க, வாசலில் அவர். வெள்ளை மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் கடையில் இருந்து ஓடி வந்திருந்தார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை, கடை நம்பருக்குத்தான் செய்தி வந்தது. கொச்சிக்கடைக்குப் பக்கத்து மாடி வீடொன்றில் மூன்றாம் தட்டுக்கு ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி இளைத்திருக்கிறது. படியிலேயே இருத்தி, அங்கிருந்தே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஆட்டோவில் போனோம். அவரோடு நான் ஒன்றாகப் போன முதல் பயணம் அது. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, ஏறி. அப்பா அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு என்னடாவென்றால் குலுங்குகிற ஆட்டோவில் அவருடைய முழங்கை என் முழங்கையில் படுவது தெரிகிறது. அழுகிறேன், அந்த முழங்கையையும் கவனிக்கிறேன். அதை நினைத்து இன்னும் அழுகிறேன். "எத்தினை குளிசை விட்டிருக்கிறார்?" என்று அவர் கேட்டார். "ஏழு." "ஐயோ" என்றார். அது ஒரு மருந்துக்காரரின் ஐயோ.

ஆஸ்பத்திரி வாட்டில் அப்பா கட்டிலில் கால் தொங்கப் போட்டு நிமிர்ந்து இருந்தார், படுக்க முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நிறை அறுபத்தெட்டரை. எங்களைக் கண்டதும் மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பிக்குக் கதிரை குடுங்கோ" என்றார். மாப்பிள்ளை நிற்கிறாராம்.

தண்ணீரை வெளியே தள்ளுகிற அதே மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். கட்டிலுக்குக் கீழே சலப் பை. இனி அதில் சலம் விழ வேண்டும், விழுந்தால்தான் நெஞ்சுக்கு மூச்சு. முதல் நாள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவும் வரவில்லை. இரண்டாம் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் முன்னையதைவிடக் கூட. அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "மருந்தை ஏத்தி ஏத்தி மனிசன்ரை கிட்னியைக் காயவைச்சிட்டாங்கள்! இளநீர் குடுத்தால் எல்லாம் சரியாகும்." சொல்லிவிட்டு அடுத்த நாள் செவ்விளநீரைப் போத்தலில் விட்டு, சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தார். வாட் வாசலில் அவர் பிடித்துவிட்டார். கிட்னி பழுதான ஆளுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இருதயத்தையே நிற்பாட்டிவிடும் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "மாமி, எனக்குச் சரியான தாகம்" என்று வாங்கி, அம்மா பார்க்கப் பார்க்க ஒரே மூச்சில் குடித்துவிட்டார். நாலு நாள் அம்மா கொண்டுவந்த நாலு போத்தலையும் அவரே குடித்தார். எவ்வளவு நல்ல பெடியன், ஆனால் கொஞ்சம் பெருந்தீனி என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

வாட்டில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பருத்தித்துறைப் பக்கம், பேச்சில் தெரியும். நான் அவரிடம் நேரே போய்ச் சண்டை பிடித்தேன். "நெஞ்சு டொக்டர் ஒண்டு சொல்லுறார், கிட்னி டொக்டர் ஒண்டு சொல்லுறார். எனக்கு இன்னும் பன்ரெண்டு நாளில கலியாணம். ஆற்ரை கதையை நான் கேக்கிறது?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "எப்ப கலியாணம் எண்டு சொன்னனீர்?" என்று திரும்பக் கேட்டுவிட்டு, கதிரையை இழுத்து இருத்தினார்.

"நெஞ்சும் கிட்னியும் சம்பந்திமார் மாதிரி. ஒண்டில பிழை வந்தால் மற்றதில தெரியும், ஒண்டை ஒண்டு குறை சொல்லும்" என்றார். "அப்பாவின்ரை நெஞ்சு பலமில்லை, கிட்னிக்கு இரத்தத்தைக் குறையத்தான் தள்ளுது. கிட்னிக்கு ஏன் குறையுது எண்டு தெரியாது. உடம்பில தண்ணி இல்லையாக்கும் எண்டு நினைச்சு, உப்பையும் தண்ணியையும் விடாமல் பிடிச்சு வைக்கும். அந்தத் தண்ணி திரும்ப நெஞ்சுக்குத்தான் பாரம். நெஞ்சு இன்னும் களைக்கும், கிட்னி இன்னும் பிடிக்கும்."

"அப்ப கிட்னி காய்ஞ்சு போகேல்லையோ?"

"காயிறதும் உண்டு. மருந்து கூடினால் அப்பிடியும் வரும், அதுக்குத்தான் கிட்னி டொக்டர் பயப்பிடுறார். ஆனால் இஞ்சை அப்பிடி இல்லை. போக வழியில்லாமல் இரத்தம் பின்னுக்குத் தேங்கி, கிட்னியே வீங்கிப்போய் நிக்குது. தண்ணியை எடுத்தால் நெஞ்சும் சுகப்படும், கிட்னியும் திரும்பும் எண்டு நினைக்கிறம். மருந்தைக் கூட்டப் போறம். நாங்களும் பயந்து பயந்துதான் கூட்டுறம், உமக்குப் பொய் சொல்லேல்லை." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது கிடக்கட்டும், அவர் ஏன் குளிசையை விட்டவர்? அதைக் கேட்டனீரோ?"

நான் கேட்கவில்லை. ஏசத்தான் ஏசியிருந்தேன். அன்று பின்னேரம் அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போன நேரம் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டேன். அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன வருசம் ஆமிக்காரர் என்னை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் தெரியுந்தானே, ஒழுங்கையைச் சுத்தி வளைச்சு, றவுண்டப் எண்டு."

"ஓம், மத்தியானம் விட்டிட்டாங்கள்."

"காலமை குளிசை போட்டிட்டுப் போனனான். மூண்டு மணித்தியாலம் லைனில நிப்பாட்டி வைச்சவங்கள். போக விடேல்லை, பிள்ளை. நானும் எத்தினை தரம் கேட்டனான்." சாரத்தை இழுத்துச் சரி செய்தார். "நனைஞ்ச சாரத்தோட நடந்து வந்தனான். காயட்டும் எண்டு கடற்கரையில கன நேரம் நிண்டனான். கொம்மாவுக்கும் தெரியாது. இப்ப சந்தனத் தட்டோட, ஒரு சனத்துக்கு முன்னால அப்பிடி வந்தால்? உன்ரை கலியாணம் சொல்லப் போன இடத்தில?"

அந்த வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு மூன்று நாளாக நான் ஏசின ஏச்சு ஒவ்வொன்றும் எனக்கே திரும்ப வந்து அடித்தது. அப்பா என் தலையில் கையை வைத்து, "கலியாணப் பொம்பிளை, முகம் வீங்கும், அழாதை" என்றார்.

மருந்தைக் கூட்டினார்கள். விடிய நான் வாட்டுக்குள் கால் வைக்கிறேன், நேர்ஸ் தூரத்திலேயே கையை ஆட்டுகிறார். சலப் பை நிறைந்து, மாற்றி, திரும்பவும் அரைவாசி நிறைந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மாளிகாவத்தை முஸ்லிம் பெரியவர், "விடிய விடிய வந்திச்சு மகள், நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று சாட்சி சொன்னார். எதிர்க் கட்டில்காரர் கை தட்டினார். அம்மா பையைப் பார்த்துக் கும்பிட்டார், உண்மையாகவே கை கூப்பிக் கும்பிட்டார். நான் சிரித்த சிரிப்பில் நேர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். நாளொன்றுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று இறங்கியது. கிரியாட்டினினும் அந்த டொக்டர் நினைத்தபடியே கீழே வந்தது. அப்பா படுத்து நித்திரை கொண்டார். குறட்டையும் விட்டார்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க வீட்டுக்கு விட்டார்கள். காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்று பெண் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கலியாண வீடென்றால் சனம். தப்பி வந்த மனிசனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவரோடு இருந்து ஒரு வாய் குடித்தார்கள், அவரையும் குடிக்க வைத்தார்கள். கலியாண நாள் காலையில், மாப்பிள்ளை ஏற்கனவே வாங்கித் தந்திருந்த தராசில் அப்பாவை ஏற்றினால் ஒன்றேகால் கிலோ கூட. கணுக்காலை அமத்தினேன். குழி விழுந்தது.

அப்பாவின் தமையன், என் பெரியப்பா, வவுனியாவில் ஆமியிடம் பாஸ் எடுத்துக் கஷ்டப்பட்டு வந்திருந்தவர், உடனே சொன்னார்: "இப்ப குளிசை போடாதை. முகூர்த்தம் பத்து மணிக்கு. எல்லாம் முடிய மத்தியானம் போடலாம்." அம்மாவும் அதே கதை. அப்பாவும் என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு நாள்தானே பிள்ளை" என்றார். தலையில் பூவும் நெற்றியில் பட்டமுமாக இருந்த நான் எழும்பினேன்.

"போன முறையும் ஒரு நாள்தானே எண்டு துடங்கித்தான் ஏழு நாள் ஆனது. குளிசை போடாமல் ஒருத்தரும் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நானும் வரமாட்டன்."

"உனக்கென்ன விசரோ? நடுச் சபையில மனிசன் எழும்பி ஓடுறதோ?" என்று பெரியப்பா கத்தினார்.

"ஓடட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் நாங்கள் இருக்கிறம். அப்பா, அங்கை ஒருத்தரும் உங்களை மறிக்க மாட்டினம்" என்றேன். கடைசி வரியின் அர்த்தம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா கையை நீட்டினார். இரண்டு குளிசையையும் நானே வைத்தேன். ஒரு மிடறு தண்ணீர்.

மண்டபத்தில் ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "பொம்பிளையின்ரை தாய் தேப்பன் வாங்கோ, கன்னிகாதானம்" என்றார். அம்மா வந்து நின்றார். பக்கத்தில் இடம் காலி. "எங்கை அவர்?" என்று முன் வரிசை முழுக்கக் கேட்கிறது. எங்கே போவார், மண்டபத்தின் பின்பக்கம், சமையல்காரர் தாண்டி. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். மேளக்காரர் தெரிந்த உருப்படியெல்லாம் வாசித்து முடித்து முதலில் இருந்து தொடங்கினார்கள். பெரியப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நேரம் போகுது, தமையன் நான் நிண்டு குடுக்கலாந்தானே" என்று மணவறைக்கு ஏறிவிட்டார். ஐயரும் சரி என்று தலையாட்டினார். நான் தலை குனிந்து இருக்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது. நான் வாயைத் திறக்கப் போனேன், ஆனால் எனக்கு முதல் மாப்பிள்ளை திறந்துவிட்டார்.

"மாமா வரட்டும். தண்ணிக் குளிசை போட்டவர். நான் இருக்கிறன்" என்றார். பூமாலையும் தலைப்பாகையுமாக இருந்து, மருந்துக்கடையில் சொல்லுகிற அதே குரலில், சபை முழுக்கக் கேட்கச் சொன்னார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே அப்பா வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையை உதறிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடி வந்தார். "கை கழுவினனான்" என்று ஐயரிடம் சொன்னார். என் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தார். அம்மா செம்பால் தண்ணீர் ஊற்றினார். அப்பாவின் கை குளிர்ந்து, ஆனால் இறுக்கமாக இருந்தது. மூச்சு இளைக்கவில்லை. நான் அதைத்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், மந்திரத்தை அல்ல. தாலி ஏறியபோது முகூர்த்தம் முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்ததாக ஐயர் பிறகு சொன்னார். பெரியப்பா இல்லை என்பார்.

கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு நான் உடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்து இருந்ததும் கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. படக்காரர் அந்த நேரம் எடுத்த படம் இப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவர் தாலி கட்டுகிறார், அம்மா அட்சதை போடுகிறார், பெரியப்பா நிற்கிறார். அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் காலியாக இருக்கிறது, அப்பா திரும்பவும் சமையல்காரர் தாண்டிப் போன நேரம் அது. என் பிள்ளைகளின் சினேகிதர்கள், புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், யுத்த காலம் என்று தெரிந்தவர்கள், அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அப்பா அப்பவே இல்லையோ?" என்று கேட்பார்கள்.

"இருந்தவர்" என்று நான் சொல்லுவேன். "இருந்தபடியால்தான் படத்தில இல்லை."